இருபத்து மூன்றாம் கணினியின் குளிர்

குருவம்மாளை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது எங்கள் பல்கலைக்கழகத்துக் கணினி லேபின் வாசலில், செருப்பு விடும் பலகைக்குப் பக்கத்தில். மே மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை, காலை எட்டரை மணி இருக்கும், வெயில் ஏறுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று மகள் முனீஸ்வரி அவசரப்படுத்திக்கொண்டிருக்க, தோளில் கிடந்த துண்டைக் குழாயில் நனைத்துப் பிழியாமல் அப்படியே கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, ஒரு காலில் செருப்பை மாட்டியபடி மறுகால் செருப்பைத் தேடிக்கொண்டே அவர் என்னிடம் கேட்டார்: "அப்ப நாங்க பஸ்ஸுல போறதுக்குள்ள இந்தக் குளிரு எங்களுக்கு முன்னாடி வீட்டுக்குப் போயிருமாண்ணே?"

வீட்டுக்குப் போய் மகள் போர்ட்டலைத் திறந்தால்தான் வரும் என்றேன்.

"ஏன், அது பாட்டுக்கு முன்னால போயி பாய விரிச்சு வச்சா என்னவாம்" என்று சொல்லிவிட்டு, கழுத்துத் தோல் இழுத்துப் பிடிப்பதால் வாயின் ஒரு பக்கத்தால் மட்டும் சிரித்து, படியிறங்கிப் போனார்.

அந்தக் காலத்தில் எங்கள் லேபில் நாற்பது கணினிகள் இருந்தன. புள்ளியியலுக்கு, வரைபடத்துக்கு, கட்டட வரைவுக்கு என்று விலை கூடிய மென்பொருள்கள் அவற்றில்தான் இருந்தன; மாணவர்களின் லேப்டாப்பில் அவற்றைப் போட முடியாது, போட்டாலும் ஓடாது. அதனால் பல்கலைக்கழகம் ஒரு போர்ட்டல் வைத்தது. கோவில்பட்டியிலோ சாத்தூரிலோ இருக்கிற ஒரு மாணவி தன் வீட்டில் உட்கார்ந்து, பதிவு எண்ணையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே வந்தால், எங்கள் லேபின் நாற்பதில் ஒரு கணினி அவளுக்குத் திறக்கும். அதன் திரை அவள் வீட்டில் தெரியும். அவள் அங்கே மவுசை நகர்த்தினால் இங்கே ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால் அம்பு நகரும். நான் அங்கே அட்டெண்டராகச் சேர்ந்தவன், படிப்பு பத்தாம் வகுப்பு. என் மனைவி தவறிய பிறகு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போகிற வேலை இல்லாமல் போனதால், கணினிகளோடு வந்த கையேடுகளை அகராதி வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். ஆறு வருடம் படித்தேன். போர்ட்டல் வந்தபோது அதைப் பார்த்துக்கொள்ள என்னைத் தவிர ஆளில்லை.

பார்த்துக்கொள்வது என்றால் பெரும்பாலும் ஒரே வேலைதான். எங்கள் பிள்ளைகள் யாரும் லாக் அவுட் செய்ய மாட்டார்கள். வேலை முடிந்ததும் மூலையிலிருக்கிற பெருக்கல் குறியை அழுத்தி மூடிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் போனது இங்கே கணினிக்குத் தெரியாது. அது அவர்களுடைய இடத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு காத்துக்கிடக்கும், வெளியே அடுத்த ஆள் இடம் கிடைக்காமல் நிற்பான். ஆகவே முப்பது நிமிடம் மவுஸ் அசையாவிட்டால் இணைப்பைத் துண்டிப்பது என்று ஒரு விதி இருந்தது. என் மேசைத் திரையில் நாற்பது பெயர்களும், ஒவ்வொரு பெயருக்கும் நேராக அசையாமல் இருந்த நிமிடங்களும் ஓடிக்கொண்டிருக்கும். நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருடம் ஏப்ரல் மாதம் முதல் வாரத்தில் லேபின் குளிர் போர்ட்டல் வழியாக வீடுகளுக்குப் போகத் தொடங்கியது.

முதலில் அது எங்களுக்குத் தெரியவில்லை; லேப் சூடாகிறது என்று மட்டும் தெரிந்தது. ஏசி மெக்கானிக் காஜா மைதீன் மூன்று தடவை வந்து, கேஸ் நிரப்பி, குழாயைச் சோப்பு நுரை தடவிப் பார்த்து, ஏணியில் உட்கார்ந்தபடியே சொன்னான்: "அண்ணாச்சி, மிசின்ல ஒரு குறையும் கிடையாது. குளிர் வருது. வந்த குளிர் இங்க நிக்க மாட்டேங்குது. யார் வீட்டுக்கோ போவுது." அவன் வேடிக்கைக்குத்தான் சொன்னான். மறுநாள் கோவில்பட்டி மாணவி ஒருத்தி போனில் கூப்பிட்டு, புள்ளியியல் மென்பொருளைத் திறந்துவைத்தால் மேசையில் இருக்கிற தயிர் புளிக்க மாட்டேன் என்கிறது, இது போர்ட்டலில் உள்ள வசதியா, இதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா என்று கேட்டாள். விண்ணப்பம் தேவையில்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன். காஜாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நான்தான் சொன்னேனே" என்றான்.

பிறகு அது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாயிற்று. விளாத்திகுளத்தில் ஒரு வீட்டில் மல்லிகை மொட்டுகளைத் திரைக்கு முன்னால் பரப்பிவைத்து முகூர்த்த நாள்வரை விரியாமல் காத்தார்கள். ஒரு வீட்டில் கோழிக்குஞ்சுகளை வைத்தார்கள். குளிர் கூடிப்போய்க் குஞ்சுகள் விறைத்ததால், அதற்குப் பதிலாக வரைபட மென்பொருளைத் திறக்கலாமா, அது மிதமாக இருக்குமா என்று கேட்டார்கள். வேர்க்குரு போட்டு அழுகிற கைக்குழந்தைகளைத் தெருவில் உள்ளவர்கள் எடுத்துவந்து முறைவைத்துக் கிடத்தினார்கள். கயத்தாறு பக்கம் ஒரு மாணவன், வெளிநாட்டிலிருந்து அண்ணன் வந்துசேரும்வரை தன் பெரியப்பாவின் உடலை இரண்டு நாள் லேப்டாப்புக்கு முன்னால் வைத்திருந்துவிட்டு, கல்வி சாராத வேலைக்கு இணைப்பைப் பயன்படுத்தியதற்காக மன்னிப்புக் கேட்டு இயக்குநருக்குக் கடிதம் எழுதினான். கடிதத்தில் துறைத் தலைவரின் பரிந்துரைக் கையெழுத்தும் இருந்தது.

முப்பது நிமிட விதியை ஜெயிக்க ஊருக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சிலர் மவுசை, தலையாட்டுகிற மேசை விசிறியில் நூலால் கட்டினார்கள். ஒரு வீட்டில் மதியம் தூங்குகிற மாமாவின் வயிற்றின்மேல் வைத்தார்கள். அவர் மூச்சு விடும் கணக்குக்கு அம்பு ஏறி இறங்குவதை நான் என் திரையில் பார்த்திருக்கிறேன். இயக்குநர் ஹெப்சிபா மேடம் சுற்றறிக்கை விட்டார்: போர்ட்டல் வழியாக வரும் குளிர் கல்விப் பணிக்கு மட்டுமே, அருகில் இருப்பவர்கள் தற்செயலாகப் பயன்பெறுவதற்கு ஆட்சேபணை இல்லை. அந்தச் சுற்றறிக்கை வந்த மத்தியானம், பட்டியலில் மேடத்தின் வீட்டு இணைப்பு இருபத்தெட்டு நிமிடமாக அசையாமல் கிடந்தது. நான் போன் செய்து, "மேடம், வீட்ல யாரையாவது மவுசை ஒரு தட்டு தட்டச் சொல்லுங்க" என்றேன். "அத்தைக்கு முட்டு வலி அண்ணாச்சி, எந்திரிக்க முடியாது, நீங்களே கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்றார்.

அப்படித்தான் அடுத்தவர் மவுசை என் மேசையிலிருந்து அசைக்கும் பழக்கம் எனக்கு வந்தது. பாடத்தில் சிக்கிக்கொண்ட மாணவருக்கு வழிகாட்டுவதற்காக, அவர்களுடைய இணைப்புக்குள் நானும் நுழைகிற வசதி ஒன்று இருந்தது. நுழைந்து ஒரு விரற்கடை அசைத்தால் நிமிடக் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும்.

குளிர் எல்லோருக்கும் சமமாகப் போகவில்லை என்பதையும் நான் கண்டுகொண்டேன். யாருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு இழுத்தார்கள். சில கணினிகளின் பெட்டி சும்மா வெதுவெதுப்பாக இருக்கும். சிலது கை வைக்க முடியாமல் கொதிக்கும். எல்லாவற்றையும்விடக் கொதித்தது, சாத்தூருக்குத் தெற்கே பட்டாசு ஆலைகள் இருக்கிற ஒரு சிற்றூரிலிருந்து, எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு முனீஸ்வரி என்ற பெயரில் வருகிற இணைப்பு. காலை எட்டு மணிக்கு வந்தால் மாலைவரை போகாது. உள்ளே நுழைந்து பார்த்தால் பாடம் எதுவும் நடக்காது. புள்ளியியல் அட்டவணை காலியாகத் திறந்து கிடக்கும், அம்பு மட்டும் கால் மணிக்கு ஒருதரம் வட்டமாகச் சுற்றிவிட்டு நிற்கும். யாரம்மா அது என்று முனீஸ்வரியைப் போனில் கேட்டேன்.

"எங்கம்மா சார்" என்றாள். "நான் பகல்ல காலண்டர் பிரஸ்ஸுக்கு வேலைக்குப் போயிருவேன். அம்மா தனியா இருக்கும். கட் பண்ணிராதீங்க சார்."

அவள் சொன்னது இதுதான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் பட்டாசு ஆலையின் மருந்து அறையில் நடந்த விபத்தில் குருவம்மாளுக்குக் கழுத்திலிருந்து இடுப்புவரை வெந்துபோயிற்று. பிழைத்துக்கொண்டார். ஆனால் வெந்து ஆறிய தோலில் வேர்வை வராது. வேர்வை வராத உடம்புக்குள் ஏறிய சூடு வெளியே போக வழியில்லை. கோடையை மட்டும் தாண்டவையுங்கள், உடம்பு சூடேறிவிட்டால் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் வருடா வருடம் சொல்வார். முந்தைய கோடைகளை ஈரத்துணியும் தண்ணீர்த்தொட்டியுமாகத் தாண்டினார்கள். முந்தின வருடம் இரண்டு தடவை மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். இந்த வருடம் குளிர் வந்தது. சிமெண்ட் தகடு வேய்ந்த ஒற்றை அறையில், அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பை ஒரு ஸ்டூலில் வைத்து, அதற்கு முன்னால் பாயில் உட்கார்ந்தபடி, அந்த அம்மா ஏப்ரலை ஒரு மயக்கமும் இல்லாமல் தாண்டிவிட்டார். மே நான்காம் தேதி கத்திரி தொடங்கியது. இருபத்தைந்து நாள். அதையும் தாண்டிவிட்டால் அடுத்த கோடைவரை பயமில்லை.

அந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும் என்றுதான் அந்தத் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வந்தார். ஒரு பொட்டலம் காராச்சேவு கொண்டுவந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, வரிசையாக இருக்கிற நாற்பதையும் பார்த்து, "இதுல எது எங்க பொட்டி?" என்று கேட்டார்.

எது காலியாக இருக்கிறதோ அது கிடைக்கும் அம்மா, தினம் ஒன்று மாறும் என்றேன்.

"அப்பிடிச் சொல்லாதீங்கண்ணே. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா எந்தப் பொட்டின்னு எங்களுக்கு ஒரு அடையாளம் வேணும்ல."

முனீஸ்வரிக்கு வெட்கமாகிவிட்டது. "ஏம்மா, இது என்ன ரேஷன் கடையா" என்றாள்.

நான் சர்வரில் போய் முனீஸ்வரியின் பெயருக்கு இருபத்து மூன்றாம் எண்ணை நிரந்தரமாக எழுதிவைத்தேன். குருவம்மாள் அதன் முன்னால் போய் உட்கார்ந்தார். தோள்பட்டையும் கையும் பாளை மாதிரி வழவழவென்று மின்னின. "நீங்க பேச ஒரு வழி இருக்கா இதுல?" என்று கேட்டார். நான் எழுதினால் உங்கள் திரையில் தமிழில் ஒரு பெட்டி வரும் என்றேன். "படிப்பேன். அஞ்சாப்பு வரைக்கும் போயிருக்கேன். நான் எப்பிடிப் பேச?" கீபோர்டில் ஆங்கில எழுத்துதான் இருந்தது. அட்டவணையோ எண்களை மட்டும்தான் ஏற்றுக்கொள்ளும். அதனால் பேசி வைத்துக்கொண்டோம்: நன்றாக இருந்தால் ஒன்று, தூக்கம் வந்தால் இரண்டு, சூடு தெரிந்தால் மூன்று.

"பசிச்சா?"

"நாலு போடுங்க."

"போட்டா?"

"போட்டா நானும் சாப்பிடப் போறேன்."

முனீஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து பகலில் என்னோடு பேச ஆள் இருந்தது. நான் கேட்பேன், அட்டவணையில் ஒன்று விழும். அரை மணி கழித்து இன்னொரு ஒன்று, அதற்குக் கீழே. பன்னிரண்டரைக்கு நான்கு விழும், நான் டிபன் பாக்ஸைத் திறப்பேன். மூன்று ஒருதரம்கூட விழவில்லை. வெளியே நூற்றெட்டு டிகிரி அடித்தது. லேபில் எங்கள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. காஜா வந்து நான்காவது தடவையாக ஏணி போட்டான். இருபத்து மூன்றாம் பெட்டிமேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு ஆளு எவ்ளோ குளிரத்தான் குடிக்கும்" என்றான். அந்த நாட்களில் காலையில் நான் முதலில் செய்வது அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்ப்பதுதான். சுட்டால் நிம்மதியாக இருக்கும்.

பத்தொன்பதாம் தேதி ஹெப்சிபா மேடம் என்னைக் கூப்பிட்டார். ஆய்வேடு சமர்ப்பிக்கக் கடைசி நாள் இருபத்தைந்து. எழுபது பேர் இடம் கிடைக்காமல் போர்ட்டலுக்கு வெளியே நிற்கிறார்கள், துணைவேந்தர் வரை புகார் போயிருக்கிறது.

"முப்பது நிமிசத்தப் பத்தாக் குறைச்சிருங்க அண்ணாச்சி."

முனீஸ்வரியின் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எனக்கும் வீட்ல ஆள் இருக்காங்க. நான் எங்க வீட்டு இணைப்ப நேத்தே எடுத்துட்டேன். குளிர் குடுக்கதுக்கா நமக்குச் சம்பளம்? அந்தப் பொண்ணு ஆய்வேடு முடிச்சிருச்சா?"

"முடிச்சிருச்சு."

"அப்ப வெளியேத்தணும். சட்டப்படி." பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னார்: "பத்து நிமிசத்துக்குள்ள மவுஸ் அசைஞ்சா, அந்தம்மா படிக்கிறாங்கன்னுதான நாம எடுத்துக்கணும். எனக்கு வேற என்ன தெரியும்?"

ஆகவே குருவம்மாள் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் மவுசை அசைக்க வேண்டியதாயிற்று. காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை, ஒன்பது நிமிடத்துக்கு ஒருதரம் அசைத்தார். ராத்திரி சிமெண்ட் தகடு பகல் சூட்டை இறக்கிக்கொண்டிருக்கும், அப்போது லேப் பூட்டிக் கிடப்பதால் குளிர் வராது; மகள் விசிறிவிட விசிறிவிட விடியும்வரை விழித்திருப்பார். பகலில்தான் அவர் தூங்குவது வழக்கம். இப்போது அதுவும் போயிற்று. என் திரையில் ஒன்றுகள் குறைந்து இரண்டுகள் விழ ஆரம்பித்தன. புதன்கிழமை இருபத்தோராம் தேதி முழுக்க இரண்டு. வியாழன் முழுக்க இரண்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்பு ஒன்பது நிமிடம் ஐம்பது விநாடிவரை அசையாமல் கிடந்து, நான் இருக்கையிலிருந்து எழுந்துவிட்டேன். அப்புறம் ஒரு இழுப்பு இழுத்தது.

சனிக்கிழமை இருபத்து நான்காம் தேதி. கடைசி நாளுக்கு முந்திய நாள் என்பதால் லேப் திறந்திருந்தது. வெளியே நிற்பவர்கள் போனில் கெஞ்சிக்கொண்டே இருந்தார்கள். காலை பத்தே முக்காலுக்கு அட்டவணையில் வரிசையாக இரண்டு, இரண்டு, இரண்டு என்று ஐந்தாறு விழுந்தன. நான் எழுதினேன்: "நீங்கள் தூங்குங்கள் அம்மா. இன்றைக்கு மவுசை நான் அசைக்கிறேன். ஐந்து மணிவரை விடமாட்டேன்."

பதில் வரச் சிறிது நேரமாயிற்று. பதினொன்று ஆறுக்கு ஒன்று என்று விழுந்தது.

நான் அந்த இணைப்புக்குள் நுழைந்தேன். என் மேசையில் இருந்த கடிகாரத்தைத் திருப்பிவைத்துக்கொண்டேன். எட்டு நிமிடத்துக்கு ஒருதரம், யார் போனில் இருந்தாலும், யார் முன்னால் நின்றாலும், ஒரு விரற்கடை அசைத்தேன். பன்னிரண்டரைக்கு டிபன் பாக்ஸை மேசைக்கே கொண்டுவந்து இடது கையால் பிடித்துக்கொண்டு சாப்பிட்டேன். கழிப்பறைக்கு ஓடிப்போய் ஓடிவந்தேன். பட்டியலில் முனீஸ்வரியின் பெயருக்கு நேராக "இருக்கிறார்" என்றே காட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு மணி வாக்கில் காஜா வந்தான், மேடம் கூப்பிட்டதாக. உள்ளே நுழைந்ததுமே கையை நீட்டிக் காற்றைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு நல்லா பிடிக்குதே. நேத்து நான் தட்டுன தட்டு அப்பிடி" என்றான். உண்மைதான். இரண்டு மாதத்துக்குப் பிறகு லேப் லேப் மாதிரி இருந்தது. போய் இருபத்து மூன்றாம் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. சந்தோஷப்பட்டேன். தூக்கம் கிடைத்ததும் அந்த அம்மாவின் உடம்பு தணிந்துவிட்டது, குளிரை இழுக்கிற தேவை குறைந்துவிட்டது என்று நினைத்தேன். காஜாவிடமும் அப்படித்தான் சொன்னேன். அவனும் தொட்டுப் பார்த்து, "தூங்கட்டும், பாவம்" என்றான். மூன்றரை மணிக்குக் குளிர் கூடிப்போய்த் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன், அசைப்பதை விடவில்லை.

நாலே ஐம்பதுக்கு, "மகள் வருகிற நேரம். நன்றாகத் தூங்கினீர்களா?" என்று எழுதினேன். ஒன்றும் விழவில்லை. அயர்ந்த தூக்கம் என்று விட்டுவிட்டு, நாலு ஐம்பத்திரண்டுக்கு முறைப்படி லாக் அவுட் செய்தேன்.

ஐந்து இருபதுக்கு முனீஸ்வரி போன் செய்தாள். அவள் குரல் ரொம்ப மெதுவாக இருந்தது.

"சார், எங்க வீட்டு இணைப்பு எப்ப போச்சு?"

"போகலயேம்மா. நாந்தான் இப்ப லாக் அவுட் பண்ணேன். அம்மா தூங்குறாங்களா?"

"இங்க காலைல பத்து மணிக்கே கரண்ட் போயிருச்சு சார். மாசாமாசம் எடுப்பாங்கள்ல, அது இன்னைக்காம். பேப்பர்ல போட்டிருந்துச்சாம். இன்னும் வரல." அவளுக்குப் பின்னால் நிறையப் பெண்களின் சத்தம் கேட்டது. "லேப்டாப்பு அணைஞ்சு கிடக்கு. அம்மா அதுக்கு முன்னாடிதான் படுத்துருக்கு. உடம்பெல்லாம் கொதிக்குது சார். மூச்சு இல்ல."

கரண்ட் போனபிறகு அந்த லேப்டாப் தன் பேட்டரியில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடியிருக்கிறது. பன்னிரண்டு ஏழுக்கு அணைந்திருக்கிறது. ஐந்து நாள் தூங்காத ஆள், விடமாட்டேன் என்று ஒருவன் எழுதிக்கொடுத்ததை நம்பித் தூங்கியவர், குளிர் நின்றதும் எழுந்துகொள்ளவில்லை. நான் மட்டும் உள்ளே நுழையாமல் இருந்திருந்தால், பன்னிரண்டு பதினேழுக்கு அவர் பெயருக்கு நேராகப் பத்து நிமிடம் விழுந்திருக்கும், இணைப்பு அறுந்திருக்கும், நான் பதறிப்போய் அந்த ஊரில் யாருக்காவது போன் செய்திருப்பேன், பிரஸ்ஸுக்காவது செய்திருப்பேன். இணைப்பில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் போன பிறகும் "இருக்கிறார்" என்றுதான் காட்டும். மீதி இருந்தது நான். குளிர் போக அந்தப் பக்கம் வீடே இல்லாததால், அது போகாமல் எங்கள் அறையிலேயே தங்கியது, நாங்கள் அதில் உட்கார்ந்திருந்தோம்.

திங்கட்கிழமை மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லி, எழுதியும் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "தொழில்நுட்பக் காரணம்னு போட்டுக்கிடுதேன்" என்றார். அப்படிப் போட வேண்டாம் என்றேன். "பத்து நிமிசம்னு சொன்னது நானு" என்றார். புதிதாக ஒரு சுற்றறிக்கை வந்தது: ஒருவருடைய மவுசை மற்றொருவர் அசைக்கக் கூடாது. ஊர்களில் அதைப் படித்துப் பார்த்து, சரிதான் என்றார்கள். அதற்குப் பிறகு குளிருக்கு முன்னால் தூங்குகிற ஆள் பக்கத்தில் விழித்திருக்க ஒரு ஆளை வைப்பது வழக்கமாயிற்று. விளாத்திகுளத்தில் தெருவுக்குத் தெரு முறைப்பட்டியல் எழுதி ஒட்டியிருந்ததாக மாணவர்கள் சொன்னார்கள். ஜூன் கடைசியில் தென்மேற்குச் சாரல் அடித்தபோது குளிர் போவது நின்றது. யாரும் அதைப் பெரிதாகக் கேட்கவில்லை. அடுத்த வருடம் மென்பொருளையெல்லாம் வேறெங்கோ தூரத்துச் சர்வருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து குளிர் வந்ததாக யாரும் சொல்லக் கேட்கவில்லை.

மதிப்பெண் பட்டியல் வாங்க முனீஸ்வரி ஜூலையில் வந்தாள். லேபுக்கு வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக இருபத்து மூன்றுக்குப் போய் உட்கார்ந்து, "அம்மா போட்டத காட்டுங்க" என்றாள். அட்டவணையைத் திறந்துகொடுத்தேன். முதல் வரியிலிருந்து, ஒவ்வொன்றாக, விரலை வைத்து இறங்கினாள். நான்குகள் வருகிற இடங்களில் விரல் சற்று நின்றது.

கடைசி வரிக்கு வந்ததும், "இந்த ஒண்ணு எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.

"பதினொண்ணு ஆறு."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நான்."

அவள் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. எழுந்து போகும்போது, எல்லோரையும்போல் மூலையிலிருக்கிற பெருக்கல் குறியை அழுத்தப் போனவள், கையை எடுத்து, லாக் அவுட் எங்கே இருக்கிறது என்று தேடி அதை அழுத்திவிட்டுப் போனாள்.

அந்த வருடத்துப் பல்கலைக்கழக ஆண்டறிக்கை என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், போர்ட்டல் பயன்பாடு என்ற தலைப்பின் கீழ், புள்ளியியல் மென்பொருளை அதிக நேரம் பயன்படுத்தியவர் வே. முனீஸ்வரி, எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு, அறுநூற்றுப் பதினேழு மணி நேரம் என்று அச்சாகியிருக்கிறது. அதில் கடைசி நாலே முக்கால் மணி நேரம் என்னுடையது.